பதினோரு பழம்

மொட்டைமாடியில் பழைய வேட்டி விரித்து
செவில் நகரத்தைக் காயவைத்திருக்கிறாள்
குமுதவல்லி.

பதினோரு பழம்.
சுருள் சுருளாக அரிந்து, கல்லுப்பு அடைத்து,
வேட்டியின் நாலு மூலைக்கும் செங்கல்.
காக்கை ஒன்று வந்து கொத்தி,
யோசித்துவிட்டுப் போயிற்று.

முதிர்ந்த எல்.ஐ.சி. பாலிசியில் எட்டு நாள் ஸ்பெயின்.
துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் பெட்டி எண்ணியவன்
அங்கேயும் எண்ணிக்கொண்டுதான் நடந்தேன்,
தூண்களை, ஜன்னல்களை, மிச்சமிருந்த யூரோவை.

பெரிய கோபுரத்துக்குள் படியே இல்லை.
சரிவுப் பாதை,
குதிரையில் ஏறுவதற்காகக் கட்டியதாம்.
என் வலது முழங்கால்
எந்தக் காலத்துக் குதிரைக்கோ நன்றி சொல்லிக்கொண்டே ஏறிற்று.
உச்சியில் எல்லாரும் தொடுவானத்தைப் படம் எடுக்க
இவள் குனிந்து பார்த்து,
"தெருவெல்லாம் நாரத்தைங்க" என்றாள்.

நிஜம்தான்.
நம் ஊரில் தூங்குமூஞ்சி நிற்கிற இடத்திலெல்லாம் நாரத்தை.
பழுத்து, விழுந்து, சக்கரத்தில் நசுங்கி.
ஒருவரும் குனியவில்லை.

அரண்மனை வளைவுகளின் கீழே
வழிகாட்டிப் பையன் சுண்ணாம்பு, மரம், அராபியத் தச்சர் என்று
விரல் மடக்கிக்கொண்டிருந்தான்.
எனக்குப் பாரிமுனை ஞாபகம்.
ஐகோர்ட்டில் ஸ்டாம்ப் பேப்பருக்கு நின்ற நாட்களில்
ஒருமுறைகூடத் தலை தூக்கியதில்லை.
இங்கே அதற்குக் காசு கொடுத்திருந்தேன்,
தூக்கித்தான் ஆகவேண்டும்.

பகல் இரண்டரைக்குக் கடைகள் ஷட்டரை இறக்கின.
பந்த் என்று நினைத்தேன்.
"யாரோ தலைவர் போயிட்டாரு" என்றாள்.
தூங்குகிறார்களாம்.
ராத்திரி பத்து மணிக்குக்
கைக்குழந்தையோடு சாப்பிடக் கிளம்பினார்கள்.
அதற்குள் நாங்கள்
அறையில் அவல் நனைத்துத் தின்று
பல்லும் விளக்கியிருந்தோம்.

ஆறாம் நாள்தான் துணிச்சல் வந்தது.
நின்றுகொண்டே சாப்பிடும் கடை,
கையேந்தி பவன்தான், தூண் மட்டும் பளிங்கு.
கணக்கைச் சாக்குக்கட்டியால்
மரப்பலகையிலேயே எழுதினார் கடைக்காரர்.
கீரையும் கொண்டைக்கடலையும், சீரகம் தூக்கலாக.
கால் கடுத்து இவள் "மேசை..." என்று இழுக்க,
"மேசா! மேசா!" என்று
மூலையில் ஒன்றைத் துடைத்துக் கொடுத்தார்.
அந்த ஊரில் இவள் பேசி
எடுபட்ட ஒரே சொல்.

கிளம்புகிற நாள், விடியாத ஆறரை.
தெருவை நீர் பீய்ச்சிக் கழுவுகிறான் ஒருவன்.
ஸ்வெட்டர், ஷூ, இடுப்பில் செருகிய புடவை,
இவள் பொறுக்குகிறாள்.
நான் காவல்.
அவன் தண்ணீரை நிறுத்தினான்.
உதட்டைச் சுளித்துக் காட்டினான்: கசக்கும், வேண்டாம்.
இவள் தலையாட்டினாள்,
ஆமாவா இல்லையா என்று
எனக்கே முப்பது வருடமாகப் புரியாத ஆட்டல்.
அவன் என்ன புரிந்துகொண்டானோ,
ஒரு கிளையைப் பிடித்து உலுக்கி
இன்னும் நாலு விழவைத்தான்.

மீனம்பாக்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
அதிகாரி ஒன்றை எடுத்து மோந்து,
"ஊறுகாய்க்கா மேடம்?" என்றார்.
மேற்கொண்டு கேட்கவில்லை.

இப்போதும் இரண்டரை மணி.
பெரம்பூர் தூங்கவில்லை.
எங்கோ இரும்பறுக்கிறார்கள்,
ரயில்பெட்டி ஒன்று கூவிக்கொண்டே பின்னால் போகிறது.
பக்கத்து மாடி ஜெசிந்தா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து
"ஃபாரின் நாரத்தையாக்கா? காட்டுங்க" என்கிறாள்.
ஒரு துண்டு போகிறது.
அவளுக்கு ஒரு கண் தானாக மூடிக்கொள்கிறது.
உதடு சுளிக்கிறது.

அதே சுளிப்பு.
குழாயை நிறுத்திவிட்டு நின்றானே, அவனுடையது.

குமுதவல்லியிடம் சொல்ல வாயெடுத்தேன்.
பழங்களைத் திருப்பிப் போட்டபடி
"இன்னும் மூணு வெயில் வேணும்" என்றாள்,
காக்கை ஓட்ட என் கையில்
ஒரு குச்சியைக் கொடுத்துவிட்டு.