முன்

கொருக்குப்பேட்டை கேட் போட்டால்
இருபது நிமிஷம்.
ஆயில் டேங்கர்களை எண்ணிக்கொண்டு
ஹெல்மெட்டோடு நிற்பேன்.
வேர்த்தாலும் கழற்றமாட்டேன்.

கேட்டுக்கு அந்தப் பக்கம்
முடி வளரும் மாத்திரை கம்பெனி.
கரிசலாங்கண்ணி, நெல்லி, கருஞ்சீரகம்,
முதலாளி பெயர் சொல்லாத ஒரு பழுப்புத் தூள்,
எல்லாம் ராசப்ப செட்டித் தெருவிலிருந்து
மீன்பாடி வண்டியில் வரும்.
சலித்து, பச்சை கேப்சூலில் அடைத்து,
டப்பாவுக்கு அறுபது.

உள்ளே நுழைய எல்லோருக்கும் தலைவலை கட்டாயம்.
"முடி மருந்துல முடி வுழுந்தா
கம்பெனி மானம் பூடும்" என்பார் பவானிசங்கர்.
பின்னலைச் சுருட்டி வலைக்குள் திணிக்க
ஷகிலா பானுவுக்கு ஐந்து நிமிஷம் பிடிக்கும்.
எனக்கு வலை நிற்காது, வழுக்கி
காதில் தொங்கும்.
மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவனை
மருந்து நிரப்பும் அறைக்கு ஏன் மாற்றினார்கள் என்று
யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை. எண்ணூறு ரூபாய் கூட.

போன ஆடியில் போட்டோ எடுத்தார்கள்.
டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்காரவைத்து
குனி, இன்னும் குனி, மூஞ்சி வேணாம் என்றார்கள்.
மூஞ்சியும் வந்துவிட்டது.
ஐநூறு ரூபாய், ஒரு பிரியாணி.
டப்பாவில் இடப்பக்கம் நான்: முன்.
வலப்பக்கம் முதலாளியின் மச்சான்: பின்.
அவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே அந்த முடிதான்.
எனக்கும் மிச்சம் இருப்பது
பின்னால்தான்.

நானும் சாப்பிடுகிறேன். காலையில் இரண்டு,
ராத்திரி இரண்டு. வேலையாட்களுக்குப் பாதி விலை.
சின்ன வயசில் திருத்தணியில் மூன்று மொட்டை.
கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது தப்பு,
தெரியும்.
வட்டியாவது.

ஏப்பம் விட்டால் கீரைக்கட்டு வாசம்.
ஏழு மாசத்தில் வளர்ந்தது நகம் மட்டும்.
"நேத்து தானே வெட்ன?" என்கிறாள் ஏகவல்லி.
கேரம் கிளப்பில், தொங்கும் பல்புக்குக் கீழே,
சிவப்பைக் கோட்டைவிட்ட கன்னியப்பன்
"கண்ணு கூசிடுச்சுப்பா" என்று
என் தலையைக் கைகாட்டுகிறான்.
கட்டை பொறுக்கும் பையன்கூடச் சிரிக்கிறான்.

போன வாரம் மின்ட் டீக்கடை.
டீ குடிக்க ஹெல்மெட்டைக் கழற்றித்தானே ஆகணும்.
ஒரு பையன், இருபத்திரண்டு இருக்கும்,
கூரியர் பை, கண்வரை இழுத்த தொப்பி.
என்னைப் பார்த்தான்.
பையிலிருந்து டப்பாவை எடுத்துப்
படத்தைப் பார்த்தான். மறுபடி என்னை.

"ணா, முன்னு நீதானே?"

ஆமா.

"எப்ப எட்த்தது?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம்.
அந்தச் சொல் நாக்குவரை வந்து
டீயோடு உள்ளே போய்விட்டது.
ஆடி மாசம் என்றேன்.
ஆவணி, புரட்டாசி என்று விரலை மடக்கிக்கொண்டே போனான்.
மாசியில் நின்றான்.
உச்சிவெயில் சரியாக என் உச்சியில்.

சித்திரையில் பெண் வீட்டார் வருகிறார்களாம்.
இது மூன்றாவது டப்பாவாம்.
நான் வாயைத் திறப்பதற்குள்
டப்பாவின் அடியில் எறும்பு சைஸ் எழுத்தைத் தடவி
"ஆளுக்கு ஆள் மாறும்னு போட்டுக்குதுணா,
நீ ஒண்ணும் ஃபீல் பண்ணாத" என்று
எனக்கு ஆறுதல் சொன்னான்.

பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்
தொப்பியை எடுத்தான். குனிந்தான்.
யாரும் சொல்லாமலே இன்னும் குனிந்தான்.
"பூனை முடி மாரி வர்துல்ல? இங்க?"

பார்த்தேன்.
எதுவோ மினுக்கியது.
வேர்வையாகவும் இருக்கலாம்.

வர்து, என்றேன்.

அவன் டீக்கும் நான் காசு கொடுத்தேன்.
சாயங்கால ஷிஃப்டில்
ஒரு டப்பாவில் அறுபத்தொன்று போட்டேன்.
அது எந்தக் கடைக்குப் போனதோ.