கட்டிக்லான் துறை, டிசம்பர் 31

என் சட்டை முதுகில் நாற்பத்தேழு.
அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.
பொலிகார்ப்பியோ என்று முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள்
படகு போய்விடும்.

இன்று எந்தப் படகும் போகவில்லை.
பகல் இரண்டு மணிக்குக் காவல்காரர் கொடி ஏற்றினார்.
முந்நூறு பேர், அறுநூறு பெட்டி.
குளிர்தேசத்துக் கம்பளிச் சட்டையைக்
கக்கத்தில் சுருட்டிக்கொண்டு
எதிரே பார்த்தபடி நிற்கிறார்கள்.
தெளிந்த நாளில்
பொராக்காயின் தென்னைகளை
இங்கிருந்தே எண்ணலாம்.
இன்று அதன்மேல் மழை.

"மணல் படத்தில் இருப்பதுபோலவே வெள்ளையா?"
பூசானிலிருந்து வந்தவன் கேட்டான்.
வெள்ளைதான் என்றேன்.
பன்னிரண்டு வருடமாக இரு தோளிலும் பெட்டியோடு
குனிந்து நடக்கிறவனுக்கு
மணலின் நிறம் நன்றாகத் தெரியும்.
கடலின் நிறத்தை
யாரையாவது கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

ஹெர்மினியா அக்கரையில் இருக்கிறாள்.
ஓட்டலில் துவாலைகளை அன்னமாக மடிக்கும் வேலை.
கழுத்தும் கழுத்தும் சேர்த்து
ஒவ்வொரு கட்டிலிலும் இரண்டிரண்டாக உட்காரவைப்பாள்.
நாலு மணிப் படகில் வந்துவிடுவேன்,
ஒரு பழம் குறைகிறது, வாங்கிவை
என்று காலையில் சொல்லிப் போனாள்.

வருடம் பிறக்கும்போது எங்கள் மேசையில்
உருண்டையாகப் பன்னிரண்டு பழம் இருக்க வேண்டும்.
மாதத்துக்கு ஒன்று. உருண்டை என்றால் காசு.
பதினொன்று சேர்ந்துவிட்டது,
திராட்சையைக் குலையாக எண்ணுவதா
மணியாக எண்ணுவதா என்று
எல்ஜுன் போட்ட சண்டையோடு.
சந்தையில் மிச்சமிருந்ததை விலை கேட்டேன்.
கையை எடுத்துக்கொண்டேன்.
கடைசியில் ஒரு வெங்காயம்.
"வெங்காயம் பழமா அப்பா?"
இந்த வருடம் அது ஆப்பிளைவிட விலைடா,
மரியாதையாக நடுவில் வை.

இருட்டியது.
பூசான்காரன் பெட்டிக் கைப்பிடியில் கட்டிய அட்டையில்
ஹெர்மினியாவின் ஓட்டல் பெயர்.
எட்டு மாதம் முன்பே பணம் கட்டினானாம்.
திருப்பித் தரமாட்டார்களாம்.
"மூன்றாம் மாடி. அறையிலிருந்து கடல் தெரியும்."
தெரியும், என்றேன்.

பதினொன்றரைக்கு அவள் கூப்பிட்டாள்.
காற்று பாதிச் சொல்லைத் தின்றது.
விருந்தாளி யாரும் வரவில்லை.
துணிக்கிடங்கில் பாய் போட்டுப் படுக்கச் சொன்னார்கள்.
பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"நான் கிடங்கில் இல்லை.
மூன்றாம் மாடி.
விரிப்பு கலையாமல் ஓரமாகப் படுத்துப் பார்த்தேன்.
கலைந்துவிட்டது.
அன்னத்தைப் பிரித்து முகம் துடைத்துக்கொண்டேன்.
எவ்வளவு பெரிய கட்டில்,
நீயும் பையனும் வந்தாலும் இடம் மிச்சம்.
கடலா? ஒரே இருட்டு. இரைச்சல்தான் கேட்கிறது.
யாரிடமும் சொல்லிவிடாதே."

பக்கத்தில் அவன்
தன் பெட்டிமேல் கன்னம் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.
சொல்லவில்லை.

பன்னிரண்டுக்கு எல்ஜுன்
பாத்திரமும் கரண்டியுமாகத் துறைக்கே வந்துவிட்டான்.
அந்த நேரத்தில் குதித்தால் உயரமாக வளரலாம்.
தட்டினான், குதித்தான்.
பாஷை தெரியாத பிள்ளைகள் நாலைந்து பேர்
என்னவென்று கேட்காமலே கூடக் குதித்தார்கள்.
பூசான்காரன் திடுக்கிட்டு எழுந்து
கைக்கடிகாரத்தைப் பார்த்தான்,
பிறகு அவனும் ஒருமுறை,
ஏற்கெனவே ஆறடி.

விடிந்து ஏழுக்குக் கொடி இறங்கியது.
அவன் பெட்டி இருபத்தெட்டுக் கிலோ.
ஏற்றிக்கொண்டு பலகையில் கால் வைக்கிறேன்,
அங்கிருந்து வந்த முதல் படகிலிருந்து
ஹெர்மினியா இறங்குகிறாள்.
விரிப்பை மாற்றிவிட்டாளாம். அன்னத்தை மறுபடி மடித்துவிட்டாளாம்.
பழம் வாங்கினாயா என்று கேட்டாள்.

அவள் இடது கன்னத்தில் இன்னும் அழியாமல்
ஒரு நீளக் கோடு,
விலை உயர்ந்த தலையணையின் தையல்.
பூசான்காரன் அவளுக்கு வழிவிட்டு
ஒதுங்கி நின்று தலை குனிந்தான்.