பதினொரு கிராம்

இன்னும் பதினொரு கிராம் குறைக்கச் சொல்லி
பெங்களூரிலிருந்து மெயில்.
விண்ணில் கண்ணாடி தாங்கப்போகும் டைட்டானியக் கையில்
ஏற்கெனவே எலும்புதான் மிச்சம்.
மாதேஷ் மறுபடி மெஷினில் பூட்டுகிறான்.
சிப்காட் சாலையில் கருங்கல் லாரி, முப்பது டன்.
டயல் முள் நடுங்குகிறது.
அது ஜூஜுவாடி தாண்டும்வரை நிற்கிறோம்.

அளப்பதும் அந்தக் கல்லின் மேல்தான்:
பர்கூர்க் கறுப்பு, இழைத்த மேஜை.
அசையாமலிருப்பது மட்டுமே அதற்கு வேலை.

நேற்று ஒரு துளை, இரண்டு கிராம்.
இன்று விளிம்பில் சீவியது நான்கு.
மீதி ஐந்தை
ஓசூர் கடைசி பஸ்ஸில்
டிக்கெட்டின் பின்பக்கம் வரைந்து தேடுகிறேன்.
பக்கத்தில் ரோஜாக் கட்டு வைத்திருப்பவள்
தூங்கி என் தோளில் சாய்கிறாள்.

ஒரு தலை ஐந்து கிலோ இருக்கும்.
அசையாமல் தாங்கிக்கொண்டு
எங்கே நோகிறதென்று பார்க்கிறேன்.
எலும்போரம் விரற்கடை அகலம்
நோகவே இல்லை.

அங்கே வெட்டலாம்.