பொய்க் கையெழுத்து

நீதிமன்றத்தில் எனக்கு வேலை
கையெழுத்தைச் சந்தேகப்படுவது.
உயில், காசோலை, வீட்டுப் பத்திரம்.
லென்ஸுக்கு அடியில் மை எதையும் மறைக்காது.
நிஜம் அவசரக்காரன்,
கதவைச் சாத்தாமல் ஓடிவிடும்.
பொய் ஒவ்வொரு வளைவிலும் நின்று
திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடக்கும்.

கூரைத் தகரம் மாற்ற அண்ணன் வந்த ஞாயிறு
உத்திரத்துக்கு மேலிருந்து ஒரு பிஸ்கட் டின் விழுந்தது.
உள்ளே என் மதிப்பெண் அட்டைகள்.
வால்பரைசோ, குன்றின் உச்சியில் பள்ளி,
ஏழுக்கு நாலு வாங்கினால் பிழைத்தோம்.
ஒவ்வொன்றின் அடியிலும்
அபெலார்தோ ரிக்கெல்மே.
எங்கள் அப்பா.

அப்பா எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை,
அடகுக்கடைச் சீட்டைத் தவிர.
கப்பல் வந்தால் கூலி, கூலி வந்தால் குடி,
கப்பல் வராத வாரங்களில்
இடுப்பு பெல்ட்டுக்கு எங்களைத் தெரியும்.
அம்மா போன இடத்துக்கு விலாசம் கிடையாது.

லதிஸ்லாவோவுக்கு அப்போது பன்னிரண்டு வயது.
அடகுச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
ரொட்டி சுற்றிய தாளில் அப்பாவை எழுதிப் பழகினான்.
ரிக்கெல்மேயின் முதல் எழுத்துக்கு ஒரு வால் உண்டு.
அப்பா அதைச் சாட்டை மாதிரி வீசுவார்.
அண்ணனுக்கு அது எலிவாலாய்ச் சுருண்டுகொள்ளும்.
போடுவதற்கு முன் எல்லா எண்களையும் படிப்பான்.
"கணக்கில் மூன்றா? விளக்கை ஏத்து. உட்காரு."
குரலைக் கனமாக்கிக்கொள்வான்.
எனக்குச் சிரிப்பு முட்டும்.
சிரித்தால் போடமாட்டான்.

மிர்த்தா டீச்சர் இடக்கைக்காரி.
எழுதும்போதே தன் எழுத்தைச் சட்டைக் கையால் அழித்துக்கொண்டு போவார்.
அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
நான் தரையைப் பார்த்தேன்.
"அப்பாவிடம் சொல். வால் தேறிவருகிறது."
மறுநாள் இரண்டு ரொட்டி.
ஒன்று உனக்கு,
இன்னொன்று
கையெழுத்துப் போட்டவருக்கு.

பதினேழில் அண்ணன் வடக்கே போனான், செம்புச் சுரங்கத்துக்கு.
மாதாமாதம் மணியார்டர். கூடவே ஒரே வரி:
பள்ளிக்கூடத்தை விடாதே.
விட்டேன்.
மீன்துறையில் குடல் கிள்ளினால் அன்றன்றே காசு.
மூன்றாம் வாரம் டீச்சர் அங்கேயே வந்து நின்றார்,
ஷூ முழுக்கச் செதிலோடு.
திட்டவில்லை. ஒரு கிலோ வாங்கினார்.
சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன்.
"இதற்குத்தான் வரச் சொல்கிறேன்" என்றார்.

போனேன். அரையாண்டு அட்டையில்
கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சை இல்லை.
வெற்று அட்டையைக் கட்டுக்குள் சொருகிவிட்டு
என் பெயர் விடுபடுவதைக் கேட்கத் தயாராக இருந்தேன்.
நெலிதா ரிக்கெல்மே, வாசித்தார்கள். உள்ளே போனேன்.
ஏன் என்று கேட்கும் வயதில்லை. பசி வயது.

இப்போது அந்த அட்டை என் கையில்.
அண்ணன் போனது மார்ச். இது ஜூலை.
அடியில் அபெலார்தோ ரிக்கெல்மே.
லென்ஸ் வைத்தேன்.
மெதுவான மை. மூன்று இடத்தில் பேனா தூக்கியிருக்கிறது.
எழுத்தின் மேல் இடமிருந்து வலமாக
ஒரு சட்டைக்கை இழுத்த கறை.
வாலைப் பார்த்தேன்.
சாட்டை இல்லை. எலிவால்.
அப்பாவைப் பார்த்து வரைந்ததல்ல,
அண்ணன் வரைந்த அப்பாவைப் பார்த்து வரைந்தது.

சட்டப்படி குற்றம். எந்தப் பிரிவு என்று எனக்குத் தெரியும்.
தலையெழுத்து என்று ஒன்றிருந்தால்
எங்களுடையதை அவர்கள் யாரும் அழித்து எழுதவில்லை.
அடியில் ஒரு கையெழுத்து,
அவ்வளவுதான் செய்தார்கள்.

ஏணியிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தான்,
வாயில் நாலு ஆணி.
"வால் என்னோடது மாதிரி இருக்கு.
ஆனா அப்ப நான் சுரங்கத்துல இருந்தேனே.
யார் போட்டது?"

அப்பா, என்றேன்.

ஆணிகளை ஒவ்வொன்றாக
வாயிலிருந்து எடுத்தான்.