நாற்பத்தேழாம் பக்கம்

முகத்துக்குத் தனிக் காசு என்றுவிட்டது படக் கம்பெனி.
பாவாடைசாமி அண்ணன் கையெழுத்துப் போட்ட தாளில்
கதை, உடை, கப்பல், யானைகள்; அவ்வளவுதான்.
ஆகவே,
புறமுதுகு காட்டாதவன் என்று காப்பியம் சொல்கிற மன்னன்
எங்கள் சித்திரக்கதையில்
அறுபத்து நான்கு பக்கமும் முதுகைத்தான் காட்டினான்.
புலவர் இருபத்தேழு பாட்டில் வருணித்த மார்பு
படத்தில் ஆறு மாத ஜிம்.
எங்களிடம் கொஞ்சம் புகைமூட்டம்.
ராணி புதுமுகம்.
அவள் முகத்துக்கு யாரும் காசு கேட்கவில்லை.

முதுநகரில் ஐஸ் ஃபேக்டரிக்கு மேலே ஓர் அறை.
இருதயராஜ் வரைவான். நான் எழுத்து.
வசனம் என்னுடையதல்ல,
அது உட்காரும் குமிழும் கோணமும் மட்டும்.
அலைக்குச் 'சளார்', வாளுக்கு 'ணங்',
சாகிறவனுக்கு 'ஹக்'.
காப்பியத்தில் சாகிறவர்கள்
எட்டு வரியாவது பேசிவிட்டுத்தான் சாவார்கள்.

படம் இன்னும் வெளிவரவில்லை.
கையில் முப்பத்தொன்பது ஸ்டில்கள்.
கடல் இருக்க வேண்டிய இடமெல்லாம் பச்சைத் துணி.
இருதயராஜ் சைக்கிள் மிதித்துத்
தேவனாம்பட்டினம் போய்க் கடலைப் பார்த்துவந்தான்.
இருபதாம் பக்கத்தில், உற்றுப் பார்த்தால்,
போர்க்கப்பலின் பின்னால்
ஒரு ஃபைபர் படகின் எஞ்சின் இருக்கும்.
யாரும் கடிதம் போடவில்லை.

நாற்பத்தேழில்தான் சிக்கல்.
வென்று திரும்புகிறவனைத்
துறைமுக வாயிலில் தடுத்து நிற்கிறாள் ராணி.
மஞ்சக்குப்பம் நூலகத்தில் மூலத்தை எடுத்துப் பார்த்தேன்:
நாற்பத்தொரு பாட்டு பேசுகிறாள்.
வெற்றியை வாசலில் அவிழ்த்து வைத்துவிட்டு
வெறும் ஆளாய் வா, என்கிறாள் ஓரிடத்தில்.
கம்பெனித் தாளில் ஒரே வரி:
'இங்கே வசனம் இல்லை. கண் மட்டும். மழை.'

மூலத்தைப் படிக்காத இருதயராஜோ
அரைப் பக்கத்துக்கு ஒரு குமிழ் போட்டு வைத்திருந்தான்.
"வாய் திறந்த மாதிரி வந்துருச்சு, அதான்."
"படத்துல அவ பேசலையே," என்றார் அண்ணன்.
"ராத்திரி சிவகாசி வண்டி. ஒண்ணும் எழுதாதே."
பென்சிலில் பதினோரு சொல் எழுதியிருந்தேன்.
அழித்தேன்.
கரண்ட் போய்விட்டது என்று
இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். போகவில்லை.

படம் எட்டு நாள் ஓடியது.
புத்தகம் எடைக்குப் போனது.

இரண்டு வருடம் கழித்துத் திருப்பாதிரிப்புலியூரில்
ரயில்வே கேட் மூடியிருந்த ஒரு மாலை,
பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் ஏழு பிரதிகள்.
எடுத்ததும் நாற்பத்தேழைத்தான் திருப்பினேன்.
நீல மையில்: "டேய், நில்லுடா."
பென்சிலில், கோணல் கையெழுத்தில்:
"வீட்டுப்பாடம் எழுதினியா?"
"தயிர் வாங்கிட்டு வந்தியா" ஒன்றில்.
இன்னொன்றில் ஒரு ஆட்டோக்காரரின் நம்பர்.
"தானே புயலுக்கு வராதவன்
இப்ப எதுக்கு வர்றே?"
அதில் பேனா தாளைக் கிழித்திருந்தது.
ஆறாவதில் எறும்பு எழுத்து.
ஐந்து பவுன், அடகுச் சீட்டு, ஒரு நாத்தனார்,
குமிழ் போதாமல் மழைக்குள் இறங்கி,
கப்பலைச் சுற்றி, மன்னன் முதுகின் மேலேறி,
அடுத்த பக்கத்து யானைக் காலடியில்
பாதி வாக்கியத்தில் நிற்கிறது.
ஏழாவது காலி.

நூலகப் பதிப்பின் முன்னுரை நினைவுக்கு வந்தது.
நாற்பத்தொன்றில் பதினாறு இடைச்செருகலாம்.
பதிப்பாசிரியர் நட்சத்திரக் குறியிட்டு
அவற்றைச் சின்ன எழுத்தில் ஒதுக்கியிருந்தார்.
அப்போது தலையாட்டிக்கொண்டே படித்தேன்.
இப்போது தோன்றியது,
யாரோ பதினாறு பேருக்கு
ஓலையில் இடம் கிடைத்திருக்கிறது.

"கிறுக்கினது பாதி விலை," என்றார் கடைக்காரர்.
"சுத்தமா இருக்கிறது முழு விலை."
கேட் திறந்தது. பின்னால் ஹாரன்கள்.
கிறுக்கிய ஆறையும் வாங்கினேன்.
ஏழாவதை,
நாற்பத்தேழில் காது மடக்கி
அடுக்கின் மேலாக வைத்துவிட்டு வந்தேன்.