பணம் திரும்பாது

மூன்று வருசமாக நாங்கள்
மொன்றியலுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.
முதல் வருசம் துஷ்யந்தியின் மகனுக்குச் சோதினை.
அடுத்த வருசம் லோஜியின் மாமிக்கு இடுப்பெலும்பு.
போன வருசம் ஒருவருக்கும் ஒன்றுமில்லை,
அதற்கே பயந்து விட்டுவிட்டோம்.

இந்தமுறை மார்க்கம் வீதி டோனட் கடை,
கழிவறைக்குப் பக்கத்து மேசை.
பங்குனிப் பனி உப்போடு கரைந்து
சப்பாத்துகளில் வெள்ளைக் கோடு போட்டிருந்தது.
நாலு கைபேசியில் நாலு நாட்காட்டி விரித்தோம்.
ஒன்றில் இரவு வேலை,
ஒன்றில் டயாலிசிஸ்,
ஒன்றில் கோயில் உபயம்.
என்னுடையதில் ஒன்றுமே இல்லை.
சொல்ல வெட்கமாக இருந்தது,
"எனக்கும் கஷ்டம்தான்" என்றேன்.

கலியாணவீடுகளுக்கும் சாமத்தியவீடுகளுக்கும் இடையில்
வைகாசியில் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு
எந்த மண்டபத்தின் கண்ணிலும் படாமல்
ஒளித்துக் கிடந்தது.

வீட்டில் என்ன சொல்வது?
சூசையப்பர் மலைக்கோயில்.
நேர்த்தி என்றால் எந்த மனுசனும்
மறுபேச்சுப் பேசமாட்டான்.
உண்மையில் துஷ்யந்திக்கு வேண்டியது
பழைய துறைமுகத்தில் ஒரு வாங்கு,
போற வாற சனம்,
அவர்கள் கதைப்பது விளங்காமல் இருப்பது.
"விளங்கினா ஏதாவது செய்து குடுக்கவேண்டி வரும்" என்றாள்.

பிறகு சண்டை.
ரயிலா, வானா?
நானூற்றொன்றில் லோஜி ஓட்டினால்
உயிரோடு போய்ச் சேரலாம்,
ஆனால் திங்கட்கிழமைதான்.
ரயில் என்றால் ரைஸ் குக்கரை எப்படிக் காவுவது?
"ரைஸ் குக்கரோ?"
"அப்ப மூண்டு நாளும் பாணே தின்னுறது?"
"சோறு தின்னாட்டி சாகமாட்டாயடி."
"சாகமாட்டன். என்ரை வாய் சும்மா இராது, அதைத்தான் சொல்லுறன்."
வாக்கெடுப்பு: இரண்டுக்கு இரண்டு.

அதுவரை ஜெயகௌரி
கையை மட்டும் தூக்கியிருந்தாள்.
விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில்
பத்தொன்பது வருசம்,
நாளுக்குப் பதினாறு அறை.
நித்திரையிலும் விரல்கள்
விரிப்பின் மூலையை மடிக்குமாம்.
நான் அறைப் படத்தைக் காட்டினேன்:
இரண்டு கட்டில், ஆறு தலைகாணி.
பெரிசாக்கிப் பார்த்தாள்.
"இந்த மூலை சரியா மடிக்கேல்லை" என்றாள்.
பிறகு,
"நான் ஒருநாளும் இதில படுத்ததில்லை.
வாறன். ஆனா ஒண்டு.
காலமை எழும்பினா நான் விரிக்கமாட்டன்.
நீங்களும் தொடக்கூடாது.
கசங்கினபடி கிடக்க
கதவைச் சாத்திப்போட்டுப் போவம்."

குறட்டையைப் பற்றி வைத்திருந்த பகிடியை
நான் சொல்லவில்லை.
துஷ்யந்தி கோப்பையின் மூடியைத்
திறந்தாள், மூடினாள், திறந்தாள்.
லோஜிதான் கேட்டாள்:
"அப்ப அந்த அறைக்கு வாற பிள்ளை?"

ஜெயகௌரி யோசித்தாள்.
"இருபது டொலர் வைப்பம். தலைகாணிக்குக் கீழ இல்லை,
மேசையில, கடதாசியில நன்றி எண்டு எழுதி.
கீழ வைச்சா மறந்துபோட்டினம் எண்டு
கொண்டுபோய்க் குடுத்திடுவாள்.
நான் குடுத்திருக்கிறன்."

மலிவான அறையின் அடியில் சிவப்பு எழுத்து:
ரத்துச் செய்தால் பணம் திரும்பாது.
மூன்று வருசமும் இந்த வரியில்தான்
கோப்பியைக் குடித்து முடித்து எழும்பியிருக்கிறோம்.
என் அட்டை இலக்கம் எனக்குப் பாடம்.
அழுத்தினேன்.

கொஞ்ச நேரம் நாலு பேரும்
களவெடுத்த ஆட்கள் மாதிரி இருந்தோம்.
லோஜியின் கைபேசி அடித்தது. வீடு.
அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்,
தன்னிடம் சின்ன ரைஸ் குக்கர் ஒன்று இருக்காம்,
கைப்பைக்குள்ளேயே அடங்குமாம்.