ஆற்றோரம்

செப்டம்பர். மலையில் மேயவிட்ட ஆடுகளை
இறக்கிக் கொண்டுவரும் வாரம்.
குடிசை வாசலில் பதினான்கு குதிரைகள்
ஆவி விட்டு நிற்கின்றன.
கழற்றிய கையுறையை அக்குளில் இடுக்கிக்கொண்டு
ஸ்டெய்ன்வோர் பெயர்களைப் படிக்கிறாள்.

இருபத்தாறு வருடம் நான் படித்த பட்டியல்.
யார் எரிமலைக்கல் மேட்டுக்கு,
யார் கிழக்குப் பள்ளத்துக்கு,
யார் பனியாற்றின் அடிவரை.
மலையரசன் என்பார்கள் ஐஸ்லாந்தில்.
கிரீடம் கிடையாது; ஒரு வாக்கி-டாக்கி,
ஒரு விசில், எல்லோருடைய வசவும்.

வசந்தத்தில் கூட்டம் போட்டுக் கைதூக்கினார்கள்.
நானும் தூக்கினேன், அவளுக்காகத்தான்.
தூக்கிய கை இறங்க நேரமானது.

கடைசியில் என் பெயர்:
"தோர்கில்ஸ், ஆற்றோரம்."

ஆற்றோரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு.
முட்டி தேய்ந்தவர்களுக்கு.
எனக்கு முன்பிருந்த ஆர்ன்கிரிமுரை
என் முதல் வருடம் நான்தான் அங்கே அனுப்பினேன்.
காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுச்
சேணத்தை இறுக்கினார். ஒன்றும் சொல்லவில்லை.
அந்தக் காப்பி எவ்வளவு சூடு என்று
இன்றைக்குத்தான் என் நாக்குக்குத் தெரிந்தது.

பதினொரு மணிக்கு மூடுபனி.
குதிரையின் காதுகளுக்கு அப்பால் உலகம் இல்லை.
"அவரவர் இடத்தில் உட்காருங்கள்." அவள் குரல்.
நானாக இருந்தால் ஓட்டியிருப்பேன்.
ஒரு வருடம் ஓட்டியும் இருக்கிறேன்:
பள்ளத்தாக்கின் அடியில் பதினெட்டு ஆடுகள்.
பொத்தான்மேல் கட்டைவிரல்.
எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன்.

அவளுக்கு எல்லாம் சொல்லியாயிற்று, ஒன்றைத் தவிர.
இரட்டைக்கல்லுக்குப் பின்னால் ஒரு குழி.
காற்று நுழையாது, புல் கடைசியில்தான் வாடும்,
பனி வந்தால் கிழட்டு ஆடுகள் அங்கே ஒளியும்.
மடியில் முடிந்துவைத்த காசு.
என்றைக்காவது, காணாமல்போன ஆட்டுக்காக,
என்னைத் தேடி வருவார்கள் அல்லவா.

"என் கூட்டத்தில் ஒன்பது காணோம்,"
என்றது உல்ஃபாரின் ரேடியோ.
யாரும் பேசவில்லை. இரைச்சல் மட்டும்.
முடிச்சை அவிழ்த்தேன்:
"ஸ்டெய்ன்வோர், இரட்டைக்கல்லுக்குப் பின்னால்..."
"அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்," என்றாள்.
"ஒன்பதும் அசைபோடுகின்றன."

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.
ஆடுகள் சொல்லியிருக்கும்.
தனியாகச் சிரித்தேன்; குதிரை திரும்பிப் பார்த்தது.

மறுபடி அவள்: "ஆற்றில் தண்ணீர் எவ்வளவு?"
நான் மற்றவர்களைக் கேட்டே பழகிய கேள்வி.
இறங்கினேன். பூட்ஸோடு உள்ளே நடந்தேன்.
"முழங்காலுக்கு மேல். ஏறுகிறது. குட்டிகளுக்கு ஆகாது."
"சரி. மேல்துறைக்குத் திருப்புகிறேன்."

குளிர் எலும்பைத் தொட்டது.
கரையேறாமல் அப்படியே நின்றேன்,
இன்னொரு முறை கேட்பாள் என்று.